புழு: இல்லை

கூத்தாநல்லூர், பதினோராவது வார்டு.
ஐப்பசி மூன்றாம் வாரம்.
கையில் அகப்பையும் டார்ச்சும்,
பையில் அபேட் மருந்து.
சிரட்டை, டயர், ஃபிரிட்ஜின் பின்தட்டு,
எங்கே நீர் நின்றாலும் கவிழ்ப்பது என் வேலை.
நாளுக்கு ஐம்பது வீடு.
கவிழ்த்துக் கவிழ்த்து
வீட்டில் குடித்து முடிக்காத டம்ளரையும்
கவிழ்த்து வைக்கிறேன்.

மெஹராஜ் பேகம் வீட்டுக் கொல்லையில்
சிமென்ட் தொட்டி.
அதற்கு ஒரு சாண் மேலே, சுவரில்,
யாரோ தலைக்கு ஷாம்பு போட்டு
நுரையை வழித்து அப்பிவிட்டுப் போனது மாதிரி.
"மூணு நாளா இருக்கு புள்ளே.
தொடப்பத்தால தட்டுனேன், போவல."
டார்ச் அடித்தேன்.
நுரைக்குள்ளே ஜவ்வரிசி ஜவ்வரிசியாய்.
ஒவ்வொன்றிலும் ஒரு காற்புள்ளி
அசைந்தது.

குளியலறைக் கதவுக்கு மேலே இருந்தாள்
நுரைக்காரி.
கைகால் மடித்துத்
தன்னையே பொட்டலம் கட்டிக்கொண்டு,
சுண்ணாம்புச் சுவரில் சுண்ணாம்பாக.
விரல் நுனிகளில்
பிரஸ் பட்டன் போலப் பொட்டுகள்.
மழை ராத்திரியில்
முதுகில் ஒரு சின்ன ஆணைச் சுமந்தபடி
பின்னங்காலால் கடைந்திருப்பாள் இத்தனையும்.
அவன் டொக் டொக் என்று கூப்பிட்டதை
பக்கத்து வீட்டில்
தச்சு வேலை என்று நினைத்தாராம் பேகம்.

எனக்கு இவர்களைத் தெரியும்.
என் வீட்டுக் கக்கூசில்
இரண்டு வருஷமாய் ஒருத்தி.
டியூப்லைட் போட்டால்தான் அவளுக்கு விடியும்.
ஈசலை விழுங்கும்போது கண்ணை மூடுவாள்,
ருசியில் இல்லை:
விழிகளையே உள்ளே இறக்கி
இரையைத் தள்ளுகிறாள்.
(அப்படிச் சில சாப்பாடு நானும் சாப்பிட்டிருக்கிறேன்.)
தாகத்துக்கு வாய் வைப்பதில்லை.
ஈரத்தரையில் வயிற்றை வைத்தால் போதும்.
அது தெரிந்த நாளில்
ஆசிட் ஊற்றுவதை நிறுத்தினேன்.
தேங்காய் நாரும் வெறும் தண்ணீரும்தான்.
சம்பந்தி வந்தபோது
கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

"தேரை மோந்தா தேங்கா ஒல்லியாப் போயிடுமாமே?"
என்ற பேகம்
தானே சிரித்தார்.
"மரமே கஜாவோட போச்சு.
மோந்து பாக்க எங்கே இருக்கு?"

பதினொரு மணிக்கு ஆய்வாளர் ஞானப்பிரகாசம்
ஜீப்பில் வருவார்.
தொட்டி நீரில் கொசுப்புழு
நூல்துண்டுகளாய்த் துள்ளுகிறது.
கொட்டினால்
மேலே இருப்பவை காய்ந்த சிமென்ட்டில் விழும்.
மருந்து விட்டால்
மருந்தில் விழும்.

கையை மூன்று தடவை அலசினேன்,
சோப்பும் அபேட்டும் போக.
ஈரக்கை.
வாழைக்கிழிசலை நனைத்து
சுவரோடு சுவராய் நுரையை வழித்தேன்.
குழந்தையின் உச்சிமண்டையைத் தொடுகிற
அதே பயம்.
உடைந்த காதுள்ள பேசினில் மழைநீர்;
புழு இல்லை, வடிகட்டினேன்.
விளிம்புக்கு விளிம்பு இரண்டு குச்சி,
அதன்மேல் இலை.
பேகம் தன் பழைய வெள்ளைத் துப்பட்டியை
நாலாய்க் கிழித்து
ஒன்றை மேலே போர்த்தி
பாவாடை நாடாவால் இறுக்கினார்.
எங்கள் பதிவேட்டில்
மூடிக் கட்டிய நீர் குற்றமில்லை.

பிறகுதான் தொட்டியைக் கவிழ்த்தேன்.
தேய்த்தேன். காயவிட்டேன்.
நுரைக்காரி கதவுமேலிருந்து
பார்த்தாளா என்று சொல்லத் தெரியவில்லை.
அவள் கண்ணில் கருமணி படுத்துக்கிடக்கும்,
எதைப் பார்த்தாலும் அப்படித்தான்.

கொள்கலன்: பேசின் ஒன்று, மூடியது.
புழு: இல்லை.
ஆய்வாளர் துப்பட்டியைத் தட்டிப் பார்த்தார்.
"உள்ளே என்னம்மா?"
"தண்ணிதான் சார்."
கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை விடியுமுன் போன்.
"விழுந்துட்டு புள்ளே, ராத்திரி மழையில.
எண்ணவே முடியல. வாலா ஓடுது.
என்னா குடுக்கணும்?"
"வெந்த கீரை. துளிப்போல.
கால் முளைச்சதும்
ஏறி உக்கார ஒரு ஓட்டுத்துண்டு வைங்க."
"உப்பு?"
"ஐயோ, வேணாம்மா."
"சரி" என்றவர்
போனை வைக்கவில்லை.
அடுப்படியில் பாத்திரம் எடுக்கும் சத்தம்
கேட்டுக்கொண்டே இருந்தது.